கழிவுக்குக் கணக்கு எங்கே?

அணு மின்சாரத்தைப் பற்றிய பேச்சு நாட்டில் மறுபடியும் எழுந்திருக்கிறது. 2018-ல் வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட யோசனை, 2025 ஜூலையில் தாக்கலான 13-வது மலேசியத் திட்டத்தில் மீண்டும் இடம் பெற்றிருக்கிறது. பிரிக்பீல்ட்சில் விளக்கெரியவும், கிள்ளான் தொழிற்சாலையில் இயந்திரம் ஓடவும் மின்சாரம் வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது ஒன்றே ஒன்று: கழிவுக்குக் கணக்கு எங்கே?

பால்வெட்டுத் தொழிலாளி வாளியைத் தராசில் வைத்தால், முள்ளைப் பார்க்காமல் நகர்வதில்லை. கிராணியும் புத்தகத்தில் பதியாமல் விடுவதில்லை. கண்ணால் காணும் பாலுக்கே இத்தனை கணக்கென்றால், நிறமும் மணமும் இல்லாத கதிரியக்கத்துக்கு எத்தனை கணக்கு வேண்டும்!

இது வீண் பயம் என்பார்க்கு நாம் புக்கிட் மேராவைச் சுட்டிக் காட்டுவோம். ஈப்போவுக்கு அருகிலுள்ள அவ்வூரில் 1982-ல் ஏசியன் ரேர் எர்த் ஆலை ஓடத் தொடங்கியது. அது அணுமின் நிலையமன்று. ஈயச் சுரங்கத்து மிச்சமான அமாங் மணலில் கிடைக்கும் மோனசைட்டிலிருந்து அரிய உலோகங்களைப் பிரித்தெடுத்த ஆலை. மிஞ்சியது தோரியம் கலந்த கழிவு. தோரியத்தின் வீரியம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். அதன் தூசி மூச்சோடு போய் நுரையீரலில் தங்கினால் புற்றுநோய்க்கு வழி வைக்கும்.

அக்கழிவைப் புதைக்கப் பாப்பான் என்ற ஊரில் குழி வெட்டியபோது, 1984-ல் அவ்வூர் மக்கள் திரண்டெழுந்து தடுத்தனர். 1985-ல் புக்கிட் மேரா வாசிகள் எண்மர் ஊருக்காக நீதிமன்றம் ஏறினர். பிள்ளைகளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது ஆலையால்தான் என்றனர் மக்கள், இல்லையென்றது நிறுவனம். ஆலையை நிறுத்தும்படி 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஆயினும் 1994-ல் ஆலை மூடப்பட்டது. பிறகு இடத்தைச் சுத்தம் செய்து, கழிவைக் கிளேடாங் மலையில் புதைக்கப் பத்துக் கோடி அமெரிக்க டாலர் அளவுக்குச் செலவு பிடித்தது. ஆலையின் ஆயுளோ சுமார் பன்னிரண்டே ஆண்டு!

அதே கேள்வி குவாந்தானிலும் எழுந்தது. ஆஸ்திரேலியக் கனிமத்தைக் கொண்டுவந்து பிரிக்கும் லைனாஸ் ஆலை 2012-ல் கெபெங்கில் இயங்கத் தொடங்கியது. அவ்வாண்டு நவம்பரில் மக்கள் குவாந்தானிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் நடந்தே கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கம் வந்து சேர்ந்தனர். உலோகம் வெளிநாடு போகும். கழிவு யார் வீட்டு வாசலில் கிடக்கும் என்பதே அவர்கள் கேட்டது.

கதிரியக்கம் முழுவதும் நஞ்சென்று நாம் கூறவில்லை. புற்றுநோய்க்குச் சிகிச்சையும் அதுவே. சிலாங்கூர் பாங்கியில் 1982 முதல் ஒரு மெகாவாட் ஆராய்ச்சி அணு உலை இருக்கிறது. ஆனால் மின்சாரம் செய்யும் பெரிய உலையில் எரிந்து தீர்ந்த எரிபொருள் வேறு சங்கதி. பல்லாயிரம் ஆண்டு காவல் வேண்டிய கழிவு அது.

ஆபத்து வந்தால் முதலில் யாருக்கு வரும்? கூட்டித் துடைப்பவருக்கும், குத்தகை ஆளுக்கும்தான். பெரிய திட்டத்துக்கு நிலம் தேடினால் தோட்டத்து மண்மீதே கண் விழுகிறது. புத்ராஜெயா எழுந்ததும் பெராங் பெசார் முதலிய தோட்டங்களின் மண்ணில்தானே? பாராகுவாட் களைக்கொல்லிக்கு 2002-ல் தடை அறிவித்து, 2006-ல் தளர்த்தி, 2020-ல்தான் முற்றாகத் தடுத்தார்கள். இடைப்பட்ட காலத்தில் டின்னை முதுகில் சுமந்து மருந்தடித்தவர்கள் நம் தோட்டத்துப் பெண்கள் அல்லவா?

ஆகவே, உலைக்கு இடம் பார்க்கும் முன்பே நான்கு காரியங்கள் நடக்க வேண்டுமென்கிறோம். கழிவு எங்கே போகும் என்பதை மலாய், சீனம், தமிழ் மொழிகளில் அச்சிட்டு ஊராரிடம் கொடுக்க வேண்டும். சுற்றுவட்டார மக்களின் உடல்நலத்தை முன்கூட்டியே சோதித்துப் பதிய வேண்டும். பின்னால் ஒப்பிட வேறு வழியில்லை. தொழிலாளியின் உடம்பில் ஏறும் கதிர்வீச்சுக்குச் சட்டம் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் என்று எல்லை கட்டியிருக்கிறது. அந்தக் கணக்கின் நகல், குத்தகை ஆள் உட்பட ஒவ்வொருவர் கைக்கும் வர வேண்டும். கழிவைக் காக்கும் பணத்தை நிறுவனம் முதலிலேயே கட்டி வைக்க வேண்டும்.

தோழர்களே! புக்கிட் மேரா மக்கள் ஆலை ஓடத் தொடங்கிய பிறகு கேட்டார்கள். பதில் பெற ஆண்டுகள் போயின. நாம் முன்பே கேட்போம். அடுத்த கிளைக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள், தீர்மானம் போடுங்கள். கணக்கைக் காட்டிவிட்டு உலையைக் கட்டட்டும்; கணக்கில்லையேல் நம் சம்மதமும் இல்லை!