ஒரு ஐஸ்கிறீமின் விலை

வருடத்தில் ஒருமுறை நம் எல்லோர் வீட்டுக்கும் மின்சாரக் கணக்குக் கடிதம் வருகிறது. கடைசித் தொகையைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு மூடிவைப்பதே நம்மிற் பலரின் வழக்கம். யேர்மனி அணுவையும் கரியையும் விட்டுக் காற்றுக்கும் வெயிலுக்கும் மாறிவரும் கதையின் செலவு அந்தத் தாளில்தான் இருந்தது.

2000ஆம் ஆண்டு சமூக ஜனநாயகக் கட்சியும் பசுமைக் கட்சியும் கூட்டாக ஆண்டபோது ஒரு சட்டம் வந்தது. காற்றாலையோ சூரியத் தகடோ வைத்து மின்சாரம் தருபவருக்கு 20 வருடத்துக்கு நிச்சயித்த விலை. சந்தை விலை அதற்குக் குறைந்தால், மிச்சத்தை மின்சாரம் பாவிப்பவர்களிடம் யூனிற்றுக்கு இத்தனை சதம் என்று அறவிட்டார்கள். ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு உருண்டை ஐஸ்கிறீமின் விலைதான் செலவாகும் என்றார் அன்றைய சுற்றாடல் அமைச்சர் யூர்கன் திரித்தின். அது 2004இல். 2017இல் அறவீடு 6.88 சதம். வருடம் 3,500 யூனிற் எரிக்கும் வீட்டுக்கு 240 யூரோ, விற்பனை வரி வேறு. மாதம் 20 யூரோவுக்கு எத்தனை உருண்டை வரும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.

இந்தக் காசு யாருக்குப் போனது? சொந்தக் கூரை உள்ளவருக்கும், காற்றாலையில் முதலிட்டவருக்கும். இரும்பு, அலுமினியம், இரசாயனப் பெருந்தொழிற்சாலைகள் நாட்டை விட்டுப் போய்விடக்கூடாதென்று அவற்றுக்குப் பெரும் சலுகை கொடுத்தார்கள். அவர்கள் கட்டாததையும் சேர்த்துக் கட்டியது தொடர்மாடியில் வாடகைக்கு இருப்பவர்தான். சட்டமே பிழை என்று நாம் சொல்லவரவில்லை. சூரியத் தகட்டின் விலை உலகமெங்கும் விழுந்ததில் இதற்கும் பங்குண்டு. 2023இல் நாட்டின் மின்சாரப் பாவனையில் பாதிக்கு மேல் புதுப்பிக்கும் சக்தியிலிருந்தே வந்தது. செலவைப் பங்கிட்ட விதத்தில்தான் நமக்கு மனத்தாங்கல். 2022 ஜூலையில் அறவீடு நீக்கப்பட்டு, செலவு அரச கஜானாவுக்கு மாறியது.

கரி விடயத்திலும் இப்படித்தான். ஹம் காமாட்சி அம்பாள் கோவில் தேருக்குப் போனவர்களுக்கு உவென்ட்ரொப் அனல் மின்நிலையம் தெரிந்திருக்கும். அங்கே 2014இல் ஓடத்தொடங்கிய புதுப் பிரிவு, ஏழு வருடத்தில், 2021இல் மூடப்பட்டது. கரி நிலையங்களை மூடுவதற்கென்றே அரசு ஏலம் வைத்தது. முதல் ஏலத்தில் 11 நிலையங்களுக்குக் கிடைத்தது 317 மில்லியன் யூரோ. கட்டியதற்கு இலாபம் வராவிட்டாலும் மூடியதற்குக் காசு வந்தது.

வாடகை வீட்டுக்காரருக்கும் இப்போது ஒரு சின்ன வழி திறந்திருக்கிறது. பல்கணியில் மாட்டி, சுவரிலுள்ள பிளக்கில் செருகும் சூரியத் தகடு. 2024 ஒக்டோபர் முதல், தகுந்த காரணமின்றி வீட்டுச் சொந்தக்காரர் இதை மறுக்க முடியாது. முதலில் அவரிடம் எழுத்தில் கேளுங்கள். 800 வாற் வரை அனுமதி. மாட்டியபின் அரசின் பதிவேட்டில் பதிய வேண்டும். வடக்குப் பார்த்த பல்கணி என்றால் பெரிதாகப் பலனிராது, அந்தக் காசைச் செலவழிக்க வேண்டாம்.