பழைய செவர்லேக்குப் புதுப் பெயிண்ட் எதற்கு?

அமெரிக்காவில் 1957 செவர்லே பெல் ஏர் நான்கு கதவு செடான் ஒன்று, தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட்டோடு விற்பனைக்கு வந்தால் வாங்குகிறவர்கள் பலர் முதலில் செய்வது என்ன? அதைச் சுரண்டிவிட்டுப் பளபளவென்று புதுசாக அடிப்பது! கேட்டால் காரை மீட்கிறார்களாம். மங்கிய கூரையும் ஓட்டியவர் உட்கார்ந்து தேய்ந்த சீட்டும் ஒரு குடும்பம் அதில் வாழ்ந்ததற்கான தடயம். அதை அழித்துவிட்டு எதை மீட்கிறார்கள்? இரண்டு கதவு மாடலுக்குத்தான் மவுசு என்று எத்தனையோ செடான்களை உதிரிபாகத்துக்காகப் பிரித்துப் போட்டது தனிக்கொடுமை. பணக்காரர்கள் கூடும் பெபிள் பீச் கார் கண்காட்சியிலேயே 2001 முதல் புதுப்பிக்காத கார்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பிரேக்கை மாற்றட்டும், தப்பில்லை. அந்தக் காருக்கு ஒரே பிரேக் சர்க்யூட்தான், எங்கே கசிந்தாலும் நான்கு சக்கரமும் நிற்காது. பெயிண்ட் மங்கியதால் எந்தக் கார் எங்கே போய் மோதியது?