நடுவிலேயே நிற்கும் முள்

அமெரிக்காவில் 1990 வாக்கில் வந்த ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக்குகள் இன்னும் நிறைய ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த வண்டியை வைத்திருப்பவரிடம் "இன்ஜின் எப்படி இருக்கு?" என்று கேட்டால் பெருமையாக டேஷ்போர்டைக் காட்டுவார். ஆயில் பிரஷர் மீட்டரின் முள் நடுவில் நிற்கும். காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்தாலும் அங்கேதான், வெயிலில் சிக்னலில் நின்றாலும் அங்கேதான், லோடு ஏற்றிக்கொண்டு மலை ஏறினாலும் அங்கேதான். அவருக்கு அது நிம்மதி. ஆனால் சந்தேகப்பட வேண்டியதே அதைத்தான்!

ஏன் என்று புரிய, பிரஷர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். ஆயில் பம்ப் பிரஷரைத் தயாரிப்பதில்லை. அது எண்ணெயைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளப்பட்ட எண்ணெய் கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகக் கசிந்துதான் வெளியேற வேண்டும். அந்த இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவுதான், தலைமுடியை விட மெல்லியது. அந்த நெருக்கடிதான் பிரஷர். பேரிங் தேயத் தேய இடைவெளி பெரிதாகும், எண்ணெய் சுலபமாக ஓடிவிடும், பிரஷர் குறையும்.

ஆக, ஒழுங்கான மீட்டரில் முள் ஆடத்தான் செய்யும். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் ஸ்டார்ட் செய்ததும் 50, 60 பி.எஸ்.ஐ. காட்டும். இன்ஜின் நன்றாகச் சூடானபின் ஐட்லிங்கில் 15 வரைகூட இறங்கலாம். வேகம் எடுத்தால் மறுபடி ஏறும். 1000 ஆர்.பி.எம்.முக்கு 10 பி.எஸ்.ஐ. இருந்தால் போதும் என்பது மெக்கானிக்குகள் காலங்காலமாகச் சொல்லும் கணக்கு. சூடான இன்ஜின், ஐட்லிங், அப்போது எவ்வளவு? போன வருஷம் இதே நிலையில் எவ்வளவு? இந்த இரண்டையும் ஒப்பிட்டாலே பழைய வண்டியின் பாதி ஜாதகம் தெரிந்துவிடும்.

இங்கேதான் ஃபோர்டு ஒரு வேலை செய்தது. முன்பெல்லாம் இன்ஜினில் இருந்தது பிரஷருக்கு ஏற்ப மாறும் சென்சார். 1987 வாக்கில் அதை எடுத்துவிட்டு வெறும் சுவிட்சை மாட்டினார்கள். சுமார் 6 பி.எஸ்.ஐ. தாண்டினால் சுவிட்ச் மூடிக்கொள்ளும். மீட்டருக்குப் பின்னால் ஒரு சின்ன மின்தடை, முள்ளைக் கொண்டுபோய் நடுவில் நிறுத்திவிடும். பிரஷர் 10 ஆனாலும் 60 ஆனாலும் அதே இடம். மீட்டரில் எண்களும் கிடையாது. நடுவில் 'நார்மல்' என்ற வார்த்தைதான். (மாஸ்டாவும் 1990களின் நடுவில் மியாட்டா காரில் இதே மாதிரி செய்தது.)

இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். முள் ஏறி இறங்குவதைப் பார்த்து ஜனங்கள் பயந்துபோய், நன்றாக இருக்கும் வண்டியை டீலரிடம் கொண்டுவந்து நிற்கிறார்களாம். இருக்கலாம். அப்படியானால் மீட்டரை எடுத்துவிட்டு ஒரு சிவப்பு விளக்கைப் போட்டிருக்க வேண்டியதுதானே? விளக்கும் இதே 6 பி.எஸ்.ஐ. செய்தியைத்தான் சொல்லும், ஆனால் தான் வெறும் விளக்கு என்று ஒப்புக்கொள்ளும். விளக்கை மட்டும் நம்பி ஓட்டுபவர் அவ்வப்போது ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்ப்பார். மீட்டர் வேஷம் போட்ட விளக்கை நம்புகிறவர் அதைக்கூடச் செய்யமாட்டார். 40-இல் இருந்து 30, 30-இல் இருந்து 20 என்று வருஷக்கணக்கில் இறங்கியதை அவருக்கு யாருமே சொல்லவில்லை. முள் கீழே விழும் நாளில் பேரிங் கதை முடிந்திருக்கும்.

நிஜ மீட்டர் உள்ளவர்களும் புத்திசாலித்தனமாகப் படிக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. முள் கொஞ்சம் தாழ்ந்ததும் 20டபிள்யூ-50 மாதிரி கெட்டி ஆயிலை ஊற்றுவது பலருக்குப் பழக்கம். எண் ஏறும், பேரிங் தேய்ந்தது தேய்ந்ததுதான். குளிர்காலக் காலையில் அந்தக் கூழ் இன்ஜினின் மேல்பாகத்துக்குப் போய்ச் சேரவே நேரமாகும். பிரஷர் அதிகம் என்றால் எண்ணெய் அதிகம் போகிறது என்று அர்த்தம் இல்லை; வழி அடைத்துக்கொண்டாலும் முள் உயரத்தான் செய்யும்.

திடீரென்று முள் பூஜ்யத்துக்குப் போனால் முதலில் இன்ஜினை அணைக்க வேண்டும், வாதம் அப்புறம். பழைய வண்டிகளில் பல தடவை சென்சார்தான் செத்திருக்கும். ஆனால் அதை ஊகித்துக்கொண்டு ஓட்டக்கூடாது. சென்சாரைக் கழற்றி அதே துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜை மாட்டினால் பத்து நிமிஷத்தில் உண்மை தெரியும்.

ஃபோர்டு வண்டியிலும் இந்தப் பொய்யைத் திருத்திவிடலாம். பழைய மாடல் சென்சாரை மாட்டி, மீட்டருக்குப் பின்னால் உள்ள மின்தடையைத் தாண்டி ஒரு சின்ன வயர் வைத்தால் போதும். சுவிட்சை விட சென்சார் குண்டு, அதனால் சில இன்ஜின்களில் இடம் இடிக்கும். வேலை முடிந்ததும் பலர் முதல் சிக்னலிலேயே பதறிப்போகிறார்கள். இத்தனை வருஷம் அசையாத முள் இறங்குகிறதே! கிளட்சை விட்டு வண்டி வேகம் எடுத்ததும் அது மறுபடி ஏறுகிறதா, அதைத்தான் பார்க்க வேண்டும்.