தடுத்தால் மட்டும் போதுமா?

வாள் என்றதும் வேலு நாச்சியாரும், திரைப்படங்களில் மாடிப்படிகளில் தாவித் தாவிப் போரிடும் வீரர்களும் நம் மனக்கண்முன் வந்து நிற்பர். அந்த வாள் இன்று ஒலிம்பிக் விளையாட்டாக விளங்குகிறது. அதில் இந்தியாவிலிருந்து முதன்முதலாகக் களமிறங்கியவர் ஒரு தமிழ்ப் பெண் என்பது நமக்கெல்லாம் பெருமையன்றோ!

சென்னையில் பிறந்த பவானி தேவி, 2004-ஆம் ஆண்டு பள்ளி மாணவியாக இருந்தபோது வாள்வீச்சில் சேர்ந்தார். மற்ற விளையாட்டுகளில் இடம் நிரம்பிவிட்டதே அதற்குக் காரணம். தொடக்கத்தில் மூங்கில் கழிகளே பயிற்சி வாள்கள். பெண்களுக்கான சேபர் வாள் போட்டி ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்டதும் அதே 2004-இல்தான். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், முதல் ஆட்டத்தில் துனீசிய வீராங்கனையை 15-3 என வென்றார்; அடுத்த ஆட்டத்தில் பிரான்சின் மனோன் புரூனேயிடம் 7-15 எனத் தோற்றார். 2023-இல் சீனாவின் வூசி நகரில் நடந்த ஆசியப் போட்டியில் ஜப்பானின் உலகச் சாம்பியன் மிசாகி எமுராவை 15-10 என வீழ்த்தி, வெண்கலம் பெற்றார்.

வாள்வீச்சு என்றால் தாக்குவதுதான் என்று பலர் எண்ணுவர். அது கற்றுத்தரும் சிறந்த பாடம் தற்காப்பே என்பது என் கருத்து. எத்தகைய தற்காப்பு என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

சேபர் ஆட்டத்தில் இடுப்புக்கு மேலே உடலும், தலையும், மணிக்கட்டு வரை கைகளும் இலக்கு. வீராங்கனையர் அணியும் மேற்சட்டை உலோக இழை கலந்த துணி. வாள் பட்டதும் மின்சாரம் பாய்ந்து விளக்கு எரியும். நூலோடும் துணியோடும் வாழும் நம் திருப்பூருக்கு இது சுவையான செய்தி! இருவர் விளக்கும் ஒன்றாக எரிந்தால், முதலில் தாக்கத் தொடங்கியவருக்கே புள்ளி. ஆனால் தற்காப்பவள் எதிரியின் வாளைத் தன் வாளால் தடுத்துவிட்டால், அந்த நொடியே உரிமை அவள் பக்கம் வந்துவிடும். அவள் உடனே திருப்பி வீச வேண்டும். தயங்கினால் எதிரி மீண்டும் பாய்வாள். நூறு முறை தடுத்தாலும், தடுப்பதற்கு மட்டும் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

தடுப்பதிலும் நுட்பம் உண்டு. கைப்பிடியை ஒட்டிய பகுதியே வாளின் வலிமை. நுனி அதன் பலவீனம். நம் வலிமையால் எதிரியின் பலவீனத்தைத் தாங்க வேண்டும். அசைவு சிறிதாக இருக்க வேண்டும். வலப்பக்கம் காக்க வாளை அகல வீசினால் இடப்பக்கம் திறந்துவிடும். எதிரி பொய்யாக ஓங்குவாள். பதறி முன்கூட்டியே தடுப்பவள் ஏமாறுவாள். கடைசி நொடிவரை பொறுப்பவளே வெல்வாள்.

பின்வாங்குவதும் நல்ல தந்திரமே. எதிரியின் வீச்சு எட்டாமல் காற்றில் போனால் அவள் உரிமை போயிற்று. ஆனால் ஆடுகளத்தின் நீளம் 14 மீட்டர்தான். பின்வாங்கிக்கொண்டே சென்று இரு கால்களும் எல்லைக்கோட்டைத் தாண்டினால், எதிரிக்குப் புள்ளி!

இங்குதான் நாம் சிந்திக்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தரும் தற்காப்பு என்ன? பேருந்தில் ஒருவன் தொல்லை தந்தால் வேறு பேருந்தில் போ. தெருவில் கேலி செய்தால் வேறு தெருவில் போ. அதற்கும் மேல் என்றால் படிப்பை நிறுத்து. எல்லாம் பின்வாங்கல்! ஒன்றரை ஷிப்டு முடித்து வரும் தாய்க்கு, டியூஷனிலிருந்து மகள் திரும்பும்வரை நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும் பின்வாங்கவும் ஓர் எல்லைக்கோடு உண்டல்லவா?

பதிலடி என்றால் கைகலப்பு என்று பொருளல்ல. நடந்ததை அன்றே தாயிடமோ ஆசிரியையிடமோ வாய்விட்டுச் சொல்வதும், 1098 என்ற எண்ணை அழைப்பதும் பதிலடியே. அதற்கு வேண்டிய நிதானமும் துணிவும் புத்தகத்தை மட்டும் படித்தால் வந்துவிடாது; உடலும் பழக வேண்டும்.

வாள்வீச்சுக் கருவிகள் விலை மிகுந்தவை என்பீர்கள். உண்மைதான். ஆனால் நம் சிலம்பத்துக்கு ஒரு கம்பும் ஒரு திடலும் போதும். தூரம் அறிதல், தடுத்தல், திருப்பி வீசுதல் எல்லாம் அதிலும் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது.

ஆதலால் அருட்சகோதரியரையும் பெற்றோரையும் பணிவுடன் வேண்டுகிறேன். பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டு நேரத்தைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கொடுத்துவிடும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு. அது வேண்டாம். பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் இரண்டு மணி நேரமேனும் எங்கள் கையில் கம்பு இருக்கட்டும். வாள்வீச்சில் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எதிரிக்கு வாளால் வணக்கம் செலுத்துவது கட்டாயம். அடக்கமும் துணிவும் ஒரே கையில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

தோழியரே, தடுக்கக் கற்போம். தடுத்தபின் தயங்காதிருக்கவும் கற்போம்!