கொல்லைக் கோழியும் கைவைத்தியமும்

சென்ற சித்திரையில் எங்கள் கொல்லையில் 11 கோழிகள் இருந்தன. சந்தையிலிருந்து புதுச் சேவல் ஒன்று வாங்கி வந்து கூட்டில் விட்டேன். அடுத்த பத்து நாளில் மிஞ்சியது இரண்டே இரண்டு!

முதலில் சாம்பல் நிறப் பெட்டைதான் இரை எடுக்காமல் சுருண்டது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிச்சல்; கழுத்தும் திருகிக்கொண்டது. சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி, சின்ன வெங்காயம் அரைத்து உருட்டிப் புகட்டினோம். "ரெண்டு நாள்ல தேறிடும், கவலைப்படாதேடி" என்றார் அத்தை. தேறவில்லை.

கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, "இது ராணிக்கெட் நோய்ம்மா. வந்தபின் குணப்படுத்த மருந்து இல்லை. வராமல்தான் தடுக்கணும்" என்றார்.

சகோதரிகளே, அன்று கற்றதைச் சொல்கிறேன். குஞ்சு பொரித்த 7-ஆம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து. 8-வது வாரம் இறக்கையில், தோலுக்கடியில் ஊசி. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில்தான் எடுத்து வரணும். புதிதாக வாங்கும் கோழியை இரண்டு வாரமாவது தனியே வையுங்கள். செத்ததை வெளியே எறியாமல், சுண்ணாம்பு தூவி ஆழப் புதையுங்கள்.

கைவைத்தியத்தை நான் விட்டுவிடவில்லை. பேன் பிடிக்காமலிருக்க அடுப்புச் சாம்பலில் புரள விடுவது இன்றும் உண்டு. ஆனால் அது ஊசிக்கு ஈடாகுமா?

கடைசிப் பெட்டையைப் புதைத்தபோது என் சின்னவள் கேட்டாள்: "எனக்கெல்லாம் ஊசி போட்டியே, அதுக்கு மட்டும் ஏம்மா போடலே?"