உண்ணிக் காய்ச்சல்: ஒருமுறை வந்தா திரும்ப வராதா?

குற்றாலத்தில் குளித்துவிட்டு, புதர் ஓரம் உட்கார்ந்து சாப்பிட்டுத் திரும்பிய பத்து நாளில் காய்ச்சல், தலைவலி. உடம்பில் சிகரெட் சுட்டது மாதிரி ஒரு கறுப்புப் புண். இது ‘ஸ்க்ரப் டைபஸ்’ எனும் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்.

மறுபடியும் வருமா?

வரலாம். இதைப் பரப்புவது புதரில் இருக்கும் சிற்றுண்ணியின் குட்டி. கிருமியின் பெயர் ஓரியன்ஷியா. அதன் மேலுறையில் உள்ள ‘டிஎஸ்ஏ56’ புரதத்தைத்தான் உடலின் எதிர்ப்பு சக்தி முக்கிய அடையாளமாக வைத்துக்கொள்கிறது. ஆனால், அதில் 4 பகுதிகள் வகைக்கு வகை மாறுகின்றன. வெவ்வேறு வகைகள் இந்த மரபணுவின் துண்டுகளை மாற்றிக்கொண்ட தடயங்களும் உண்டு. ‘கார்ப்’ வகைக்கு உருவான எதிர்ப்பு, ‘கேட்டோ’ வகையை ரொம்ப நாள் தடுக்காது. தடுப்பூசி இன்னும் வராததற்கு இது முக்கியக் காரணம்.

மருந்து கேட்குமா?

கேட்கும். டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டும் மேலுறையைத் தேடுவதில்லை. கிருமிக்குள் புரதம் தயாராகும் இடத்தையே முடக்குகின்றன. நோய் முற்றியவர்களுக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என வேலூர் சிஎம்சி தலைமையிலான ஆய்வு 2023-ல் காட்டியது.

தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் பாதிக்கப்படலாம்; உயிரும் போகலாம். டாக்டரிடம் காய்ச்சலை மட்டும் சொல்லாமல், போய்வந்த இடத்தையும் சொல்லுங்கள்.