ஒப்புக்குச் சப்பாணி

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விளையாடப் போன என் பையன் பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்தான். டி.வி. ஓடவில்லை.

"என்னடா ஆச்சு?"

"ஆள் ஃபுல்லாம்."

பி.காம். படித்தவனுக்கு எந்தப் பிரச்னையும் பணத்தால் தீரும் என்றுதான் தோன்றும். சேரப்பணஞ்சேரியிலிருந்து படப்பைக்கு பைக்கை விரட்டி, வாலாஜாபாத் ரோட்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே உயிரைப் பணயம் வைத்து, அறுநூறு ரூபாய்க்கு ஒரு பேட் வாங்கி வந்தேன். மறுநாளே பையன் ஓபனிங் பேட்ஸ்மேன்! வெள்ளிக்கிழமை பேட்டின் கைப்பிடி விரிசல் விட்டது. சனிக்கிழமை, 'ஆள் ஃபுல்'. அவர்கள் சேர்த்துக்கொண்டது பேட்டைத்தான் ஸார்.

ராத்திரி இருட்டில் கேட்டான்: "அவங்களுக்கு என்னைப் பிடிக்கலையாப்பா?"

"அவனுங்க கெடக்கானுங்க, தூங்குடா" என்றேன். அப்பாக்களின் தேசிய வசனம். உபயோகம்: பூஜ்யம்.

கிப் வில்லியம்ஸ் என்று ஒரு உளவியல்காரர். பூங்காவில் நாயோடு உட்கார்ந்திருந்தவரிடம் ஒரு பிளாஸ்டிக் தட்டு வந்து விழுந்தது. எடுத்து வீசினார். விளையாடிக்கொண்டிருந்த ரெண்டு பேரும் அவரிடமே திருப்பி வீச, கொஞ்ச நேரம் மூவர் ஆட்டம். திடீரென்று அவருக்கு வீசுவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள்தான், ஆனாலும் மனுஷனுக்கு வலித்திருக்கிறது. பிற்பாடு இதையே கம்ப்யூட்டர் விளையாட்டாக்கி, 2003-ல் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். ஒதுக்கப்பட்டவர்களுக்கு, உடம்பு வலியோடு சம்பந்தப்பட்ட பகுதியே வேலை செய்ததாம். அறுபது வயசானாலும் வலிக்கும். எட்டு வயசுக்கு 'தூங்குடா' என்றால் எப்படி?

நம் காலத்தில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. ஒப்புக்குச் சப்பாணி! அவுட் கிடையாது, எடுத்த ரன்னும் செல்லாது. கணக்கில் வராது, ஆனால் பேரேட்டில் பெயர் இருக்கும். நிற்க ஒரு இடம்.

மறுநாள் உபதேசத்தை விட்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டேன். "உன்னை மாதிரி வேற யாராவது வெளியில நிக்கறாங்களா?"

"லைன் வீட்டு ஹிந்திக்காரப் பையன்."

ஹிந்தி இல்லை, ஒடியா. அப்பாவுக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. ஆந்திராவைத் தாண்டினால் நமக்கு எல்லாரும் ஹிந்திக்காரர்தானே!

"நீ பேட்டோட ஆடினப்போ அவன் எங்க நின்னான்?"

யோசித்தான். "அங்கயேதான்."

நான் மேற்கொண்டு வாயைத் திறக்கவில்லை. (கஷ்டமாகத்தான் இருந்தது.)

இப்போது இன்சுலேஷன் டேப் சுற்றிய பேட்டோடு ரெண்டு பேர் ஆடுகிறார்கள். பொதுமொழி: அவுட், நோபால். பந்தைத் தூரமாக அடித்தால் அடித்தவனே ஓடிப் போய் எடுக்கணும். சனிக்கிழமைகளில் இன்னும் அந்தப் பெரிய கோஷ்டியை எட்டிப் பார்க்கிறான். இல்லையென்று சொல்ல மாட்டேன்.

நேற்று ஆள் பற்றாக்குறையில் என்னையும் கூப்பிட்டார்கள். கீப்பிங் மட்டும்தானாம். பேட்டிங் கேட்டதற்கு, ஆடிக்கோ, ஆனா ரன் செல்லாது என்றார்கள்.